முதலாளி எழுந்து நின்ற நாள்

போன மாதம் உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து, பாயில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள்: "அண்ணே, இத்தனை வருஷம் மருந்துக் கடையிலே நின்னீங்களே, எது இருந்தா ஒரு கடையிலே நிம்மதியா வேலை செய்யலாம்?" அன்றைக்கு ஏதோ கிண்டல் பேசிச் சமாளித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையில் பாதிப் பதில் என் கால்களிலேயே இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சிக்கு விழுந்த பட்டு நூல் மாதிரி சுருண்டு கிடக்கின்றன. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே நிக்காதேப்பா" என்றார். அதனால்தான் ஐம்பது வயதைத் தாண்டிய கையோடு கவுண்டரை விட்டு வந்து, கடை வேலைக்கு வரும் உங்களைப் போன்ற புதியவர்களுக்கு உபதேசம் செய்யும் உத்தியோகத்தில் சேர்ந்திருக்கிறேன். இதில் உட்காரலாம்.

மீதிப் பதிலை எழுதியே தந்துவிடுகிறேன். வாயால் சொன்னால் முக்கியமான இடத்தில் சிரித்துவிடுவேன்.

சம்பளம் முக்கியம்தான். இல்லை என்று சொல்பவர் யாராவது இருந்தால், அவர் சம்பளம் கொடுப்பவராக இருப்பார். மத்தியானச் சோற்றை நின்றுகொண்டு விழுங்காமல் இருப்பது முக்கியம். தலைக்கு மேல் சுற்ற ஒரு பேன், அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு, எல்லாம் முக்கியம். இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். ஆனால் எவ்வளவு கேட்டாலும் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. அது எங்கள் கடைக்கு ஒரு கருட சேவை அன்று வந்தது. வந்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. கடையில் நாங்கள் மூன்று பேர். நான் கவுண்டரில் நின்று மருந்தை எடுத்துக் கொடுப்பவன், பொட்டலம் கட்டுபவன். திரைக்குப் பின்னால் காம்பவுண்டர் துரைசாமி அண்ணன். இன்றைக்கு எல்லாம் மாத்திரையாக அட்டையில் வந்துவிடுகிறது. அன்றைக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பதைக் கல்வத்தில் அரைத்து, தண்ணீரில் கலந்து, மிக்சராகக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தவர் அவர். மூன்றாமவர் முதலாளி. கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார்.

நாங்கள் உட்காரக் கூடாது. "வேலைக்காரன் உக்காந்துக்கினு இருந்தா, வியாபாரம் படுத்துக்கினு இருக்குதுன்னு ஜனங்க நினைச்சிக்குவாங்க" என்பது முதலாளியின் கொள்கை. கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத் துணி எடுப்பார். ஆனால் கோபம் வந்தால் தமிழ் போதாமல் தெலுங்குக்குப் போய்விடுவார்; அது அவர் வீட்டு மொழி. ஒரு முறை துரைசாமி அண்ணன் கையிலிருந்து அளவு கிளாஸ் தவறி உடைந்துவிட்டது. அவரைத் திரைக்கு வெளியே கூப்பிட்டு, கவுண்டர் முன்னால் நிறுத்தி, வந்த போன வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் முதலாளி அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் முதலாளியிடம் எதையும் சொல்வதில்லை. அலமாரிக்குப் பின்னால் எலி செத்தால்கூடச் சொல்ல மாட்டோம். நாற்றமே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

அந்த வைகாசியில் துரைசாமி அண்ணன் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தார்: "உற்சவம் முடியட்டும் மாணிக்கம். மெட்ராஸ்ல ஒரு கடையிலே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கினு இருக்காங்க. சம்பளம் ஜாஸ்தி. தலைக்கு மேலே பேனு வேற சுத்துதாம்."

"போனா என்னையும் கூப்பிட்டுக்கோண்ணே" என்றேன்.

"உன்னை எதுக்குக் கூப்பிடறாங்க? உனக்குப் பேசத்தானே தெரியும்."

கருட சேவை அன்று எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பே பெருமாள் கருடன்மேல் கிளம்பிவிடுவார். சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் ஊருக்குள் வந்திருக்கும். சாமி பார்த்த கையோடு தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, கூட்டத்தில் மிதிபட்ட காலுக்கு என்று எல்லாக் கூட்டமும் எங்கள் கடை வாசலுக்கு வந்து நிற்கும். அந்த நாளைய வழக்கப்படி மிக்சருக்கு அவரவர் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார்கள். பழைய டானிக் பாட்டில் இல்லாத வீடே கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி தட்டை பாட்டில். நாங்கள் மருந்தை ஊற்றி, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒன்றை ஒட்டித் தருவோம். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மேலுக்குத் தடவுகிற மருந்தாக இருந்தால் சிவப்புச் சீட்டு.

அன்று காலை கூட்டம் கவுண்டரைத் தள்ளியே விடும்போல் நெருக்கியது. முதலாளி நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார்: "துரைசாமி! சீட்டு ஒட்டிக்கினு நிக்காதே. பசை காயறதுக்குள்ளே கூட்டம் வேற கடைக்குப் போயிடும். ஊத்தி ஊத்திக் குடு. நான் வாயாலே சொல்லிக்கிறேன்."

திரைக்குப் பின்னால் அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது, முதலாளி காதில் விழவில்லை. அவர் ஊற்றிக் கொடுக்க, நான் தாளில் சுற்றி முதலாளி பக்கம் நகர்த்த, முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குசலம் விசாரித்து, "உள்ளுக்கு", "மேலுக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் ஜோராக நடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஏகாம்பரம் திரும்பி வந்தார். பக்கத்துத் தெருவில் தறி நெய்பவர். நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு மிதித்து மிதித்து முட்டி தேய்ந்த மனிதர். எங்களிடம் டர்பன்டைன் கலந்த வெள்ளைத் தைலம் வாங்கித் தடவிக்கொள்வார். அன்றும் வாங்கிப் போயிருந்தார். இப்போது வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்றார். இரண்டு முட்டியும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. இரண்டிலும் ஈ.

"இன்னாபா மாணிக்கம், உங்க தைலத்தைத் தடவிக்கினு வாசல்ல உக்காந்தேன். ஊர்ல இருக்கிற ஈயெல்லாம் என்னைச் சேவிக்க வந்துட்டுது. சாமியைப் பார்க்கிற கூட்டத்தைவிட என் முட்டியைப் பார்க்கிற கூட்டம் ஜாஸ்தியா கீது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். "முதலியாரே, உங்க முட்டி அவ்ளோ இனிப்புன்னு நமக்குத் தெரியாமப் போச்சே!" என்று ஒரு போடும் போட்டேன். போட்டுவிட்டு, அவர் முட்டியில் விரலை வைத்து முகர்ந்தேன்.

டர்பன்டைன் வாடை இல்லை. சர்க்கரைப்பாகு வாடை.

சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. வெள்ளையாக, பால் போல, சர்க்கரைப்பாகு சேர்த்து நாங்கள் கொடுப்பது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மிக்சர். அது இவருடைய முட்டியில் இருக்கிறது. அப்படியென்றால் இவருடைய தைலம் ஏதோ ஒரு குழந்தையின் வீட்டில் இருக்கிறது.

எனக்குப் பயம் வந்தால் முதலில் செயலிழப்பது மூளை. அடுத்து முழங்கால். வாய் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் இருங்க, ஈக்கு மருந்து தர்றேன்" என்று என்னவோ உளறிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன்.

விஷயத்தைக் கேட்ட துரைசாமி அண்ணனின் கையிலிருந்த கரண்டி கல்வத்தில் விழுந்தது. "காலையிலே ஒரு அம்மா கைக்கொழந்தையைத் தூக்கிக்கினு வந்திச்சி. அதுக்குத்தான் அந்த மிக்சர்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதலாளிகிட்டே சொல்லாதே மாணிக்கம். அளவு கிளாஸுக்கே அன்னிக்கு அந்தப் பாடு படுத்தினாரு. நீ போய் நைசா மாத்திட்டு வந்துடு."

"எங்கே போறது? அந்தம்மா வூடு எங்கே?"

அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். மருந்தைக் கையில் கொடுத்து, எந்தத் தெரு, யார் வீடு என்றெல்லாம் குசலம் விசாரித்தவர். நாற்காலியில் இருப்பவர்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பச்சைக் குழந்தை எங்கேயோ தெரியாத ஒரு தெருவில் இருக்கிறது. விலாசம் எங்களுக்கு மூன்று முழம் தூரத்தில் இருக்கிறது. அதைக் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. கெட்டவர்களாக இருந்ததால் இல்லை. அந்தக் கடை எங்களை அப்படிப் பழக்கியிருந்தது.

நான் சாமர்த்தியசாலி அல்லவா, குறுக்கு வழியில் போனேன். முதலாளியிடம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு, "மொதலாளி, காலையிலே கைக்கொழந்தையோட ஒரு அம்மா வந்தாங்களே, குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க. வூடு எங்கேன்னு சொன்னா குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"குடையா? அவங்க கையிலே குடை இல்லியே."

"சின்னக் குடை."

"எங்கே, இப்படிக் குடு. நான் வெச்சிருக்கிறேன். நாளைக்கு எப்படியும் வருவாங்க."

இல்லாத குடையை எங்கிருந்து கொடுப்பது? நான் கவுண்டருக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் குடை உண்மையிலேயே அங்கே இருக்கும் என்று நானே நம்பித் தேடினேன்.

அப்போது திரை விலகியது. துரைசாமி அண்ணன் வெளியே வந்தார். அளவு கிளாஸ் உடைந்த அன்று நிறுத்தப்பட்டாரே, சரியாக அதே இடத்தில் வந்து, யாரும் நிறுத்தாமல் தானாகவே நின்றார். கூட்டம் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மொதலாளி, மருந்து மாறிப்போச்சி. தடவுற தைலம் அந்தக் கொழந்தை வூட்டுக்குப் போயிருக்குது. உள்ளே போனா உசுருக்கு ஆபத்து."

கடை அப்படியே அடங்கியது. ஏகாம்பரத்தின் முட்டி ஈக்கள் சத்தம் மட்டும் கேட்டது. தெலுங்கு வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. முதலாளியின் வாய் ஒரு முறை திறந்து மூடியது. பிறகு அவர் கேட்டது "யார்" என்று இல்லை. "மாணிக்கம், உனக்கு ஓடத் தெரியுமா?" என்று.

"தெரியும்" என்றேன். அதுவரை ஓடியதில்லை.

"பிள்ளையார்பாளையம். தறிக்கார சம்பந்தம் வூடு, வேப்பமரத்துக்கு எதிர் வூடு. சாமி அவங்க வாசலைத் தாண்டினதும் முதல் வேளை குடுக்கிறேன்னு அந்தம்மா சொல்லிச்சி. சாமி இப்ப மண்டபத்துலேதான் இருக்குது. ஓடு! போ!"

நான் ஓடினேன். சாமியோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடியவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வருடம் முழுவதும் பெருமாளே சீக்கிரம் வா என்று வேண்டிக்கொண்டவன், அன்று பெருமாளே மெதுவாக வா, மண்டபத்தில் இன்னும் கொஞ்சம் இளைப்பாறிக்கொள், உனக்கும் கால் வலிக்கும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். அவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சாமி தூக்குகிறவர்கள் நடப்பதில்லை, ஓடுவார்கள். பாதி வழியிலேயே பின்னால் மேளமும் கோவிந்தா கோஷமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் பெரிய குடைகள் என்னைத் தாண்டிப் போயின. அடுத்து கருடன் தாண்டினார். பக்கத்தில் ஓடிய ஒரு பெரியவர், "இன்னா பக்தி பாரு, கண்ணுலே தண்ணியாக் கொட்டுது" என்று என்னைக் காட்டித் தன் மனைவியிடம் சொன்னார்.

சந்து பொந்தெல்லாம் புகுந்து நான் வேப்பமரத்தை அடைந்தபோது, வாசலில் கற்பூரம் அணைந்து புகை மட்டும் இருந்தது. சாமி போய்விட்டார். சிவனைக் கும்பிடுகிற வீடுதான். ஆனாலும் வாசலுக்கு வந்த பெருமாளுக்கு ஆரத்தி காட்டாமல் விடுவார்களா? உள்ளே, அந்த அம்மா குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையால் வாயைப் பிடித்துத் திறந்துவைத்திருந்தாள். வலது கையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. பாலாடையில் வெள்ளையாக மருந்து.

"நிறுத்து" என்று கத்த நினைத்தேன். சொன்னேனே, பயத்தில் எனக்கு வாய் மட்டும் ஓடும் என்று. அன்றைக்குப் பார்த்து அதுவும் நின்றுவிட்டது. பாய்ந்து பாலாடையைப் பிடுங்கினேன். மருந்து முழுக்க என் சட்டையில் கொட்டியது. குழந்தை வீறிட்டது. அந்த அம்மா அதைவிடப் பெரிதாக வீறிட்டாள். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த சம்பந்தம் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார்.

"யார்ரா நீ? பட்டப்பகல்ல வூட்டுக்குள்ளே பூந்து பாலாடையைத் திருடறே?"

பாலாடைத் திருடன் என்று ஜெயிலுக்குப் போகும் முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வந்ததும் கேட்டேன்: "கொழந்தை குடிச்சிட்டுதா?"

"இன்னும் இல்லே. இன்னா வாடை அடிக்குதேன்னு பார்த்துக்கினே இருந்தேன்" என்றாள் அந்த அம்மா.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு நல்ல பொய் கிடைத்தது. புது மருந்து வந்திருக்கிறது, இதைவிட நல்லது, மாற்றித் தரச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் நம்பியிருப்பார்கள். ஆனால் கடையில் குடை தேடிய கேவலம் இன்னும் மனதில் இருந்தது. கவுண்டர் முன்னால் தானாக வந்து நின்ற மனிதரின் முகமும் இருந்தது. "மருந்து மாறிப்போச்சிங்க. இது மேலுக்குத் தடவுறது. தப்பு எங்க கடையோடது" என்றேன்.

சம்பந்தம் கழுத்தை விட்டுவிட்டார். விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்தார். "வா, கடைக்குப் போவலாம்."

போனோம். நான் முன்னால், சம்பந்தம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால், அவருக்குப் பின்னால் தெருக்காரர்கள். காலையிலிருந்து ஊரில் நடந்த இரண்டாவது ஊர்வலம் அதுதான்.

கடை வாசலில் சம்பந்தம் கத்தினார்: "எவன்யா அந்த மருந்தைக் குடுத்தது? என் கொழந்தை இன்னிக்கு என் கையிலே செத்திருக்கும்! எவன் அவன், வெளியே வரச் சொல்லு!"

திரை விலகியது. துரைசாமி அண்ணன் வந்துகொண்டிருந்தார். சட்டை வீணாகிவிடக் கூடாது என்கிற மாதிரி முதல் பட்டனைக் கழற்றிக்கொண்டே வந்தார். அடி வாங்கத் தயாராக வருகிற ஆள். வேலை போனது போனதுதான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்போதுதான் நாற்காலி கிரீச்சிட்டது. முதலாளி எழுந்தார். சாமி கடை வாசலுக்கு வந்தால்கூட உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிற மனிதர். எழுந்து, கவுண்டரைச் சுற்றி வந்து, துரைசாமி அண்ணனுக்கும் சம்பந்தத்துக்கும் நடுவில் நின்றார்.

"நான் குடுத்தேன்" என்றார். "இவன் சீட்டு ஒட்டித்தான் குடுப்பான். ஒட்டாதேன்னு சொன்னது நான். மாத்திக் குடுத்தது என் கை. அடிக்கணும்னா என்னை அடி."

சம்பந்தத்தின் கை ஓங்கியபடியே நின்றது. பிறகு கையை இறக்கினார். "உனக்கு இன்னாய்யா அவ்ளோ அவசரம்?" என்றார். "சாமியே மண்டபத்துலே நின்னு நின்னுதான் போவுது."

துரைசாமி அண்ணன் உள்ளே போய்க் குழந்தைக்குப் புது மிக்சர் கலந்துகொண்டு வந்தார். நிதானமாகப் பல் வெட்டி, சீட்டு ஒட்டி, பசை காய்கிறவரை ஊதிக்கொண்டு நின்றார். அத்தனை கூட்டமும் காத்திருந்தது. ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை.

இதெல்லாம் நடந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் சட்டையை விட்ட கணத்தில் முழங்கால் இரண்டும் விடை பெற்றுக்கொண்டன. தட்டுத்தடுமாறிக் கவுண்டருக்கு உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த எதன்மேலோ சரிந்தேன். எல்லாம் அடங்கியதும் முதலாளி திரும்பிப் பார்த்தார். அவருடைய நாற்காலியில், டர்பன்டைன் நாறும் சட்டையோடு, நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இருக்கட்டும், உக்காரு" என்றார் முதலாளி. அன்று மத்தியானம் வரை அவர் நின்றுகொண்டுதான் வியாபாரம் பார்த்தார். நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்குச் சரியான தைலம் கொடுத்தோம். அவர் பழைய பாட்டிலையும் விடவில்லை. "இதுவும் இருக்கட்டும்பா. ஈ மொய்ச்சாலும் குளுகுளுன்னு இருந்திச்சி" என்று வாங்கிக்கொண்டு போனார்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அந்த நாளுக்கப்புறம் எங்கள் கடையில் அவரவர் தப்பை அவரவரே முதலாளியிடம் சொல்ல ஆரம்பித்தோம். அளவில் சந்தேகம் வந்தால், டாக்டர் எழுத்துப் புரியாவிட்டால், திரைக்குப் பின்னாலிருந்தே, "மொதலாளி, இது சரியாப் படலே" என்று துரைசாமி அண்ணன் குரல் கொடுப்பார். முதலாளி எப்போதாவது தெலுங்குக்குப் போவார்தான். ஆனால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார். சம்பளம் அதே சம்பளம். பேன் வரவில்லை. ஆனால் காலையில் கடைக்குக் கிளம்பும்போது இன்றைக்கு எதற்கு நிறுத்திவைப்பாரோ என்கிற பயம் எனக்குப் போய்விட்டது. வேலைக்குச் சேரும்போது மற்றதையெல்லாம் விசாரியுங்கள். கூடவே, அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற யாரையாவது தனியாகக் கூப்பிட்டு, "இங்கே ஏதாவது தப்பு நடந்தா யார்கிட்டே சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சட்டென்று பேரைச் சொன்னால் சேர்ந்துகொள்ளுங்கள். குடை தேட ஆரம்பித்தால் யோசியுங்கள்.

உற்சவம் முடிந்த வாரத்தில் முதலாளி ஒரு முக்காலி வாங்கிவந்து திரைக்குப் பின்னால் போட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. துரைசாமி அண்ணன் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். துண்டால் தட்டினார். மெதுவாக உட்கார்ந்து பார்த்தார்.

நான் தலையை நீட்டி, "இன்னாண்ணே, மெட்ராஸுக்கு எப்போ கிளம்பறே?" என்றேன்.

"உக்காந்து யோசிச்சிச் சொல்றேம்பா" என்றார்.

தலை முழுவதும் நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, கண் மங்கி வேலையை விடுகிற வரைக்கும், அந்த முக்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார்.